முதல் மோட்: நிரலாக்கம் தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது?

வைகறைப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை விளையாடி வருகிறேன். பிறர் செய்த மோட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் சேர்க்கைகளை, நிறுவி விளையாடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் சொந்தமாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான், உள்ளே என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர், அதில் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு குடும்பங்களுக்கிடையே ஒரு பழம்பகை, அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு விளையாடுபவருக்கு என்று ஒரு குறிப்பேடு முழுவதும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த உற்சாகத்தில், ஸ்கைரிமுக்கு மோட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டைத் திறந்தேன். எத்தனை சாளரங்கள், எத்தனை பட்டியல்கள்! இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் செலவிட்டும் என்னால் நான்கு வீடுகளை நிறுத்த மட்டுமே முடிந்தது. அவற்றில் ஒன்று தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மிதக்கிறது. ஊருக்குள் ஒரு மனிதரை வைத்தால் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, முகமும் கறுத்துப்போய் இருக்கிறது.

எனக்கு நிரலாக்கம் தெரியாது. ஓரளவு படம் வரைவேன். வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க முடியும். எந்த விளையாட்டில் தொடங்குவது, எந்த நிரல் மொழியைக் கற்பது, முப்பரிமாண மாதிரிகள் செய்யவும் தெரிந்திருக்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையதறி எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் குறிப்பேட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் முதல் மோடாக அதைச் செய்ய முயல்வது அகலக்கால் வைப்பதாகும். ஓர் ஊரை உருவாக்குவது ஒரு வேலை போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஏழெட்டுத் தனித்தனி வேலைகளின் தொகுப்பு. நிலத்தை வடிவமைப்பது ஒன்று. மனிதர்கள் நடப்பதற்கு நேவ்மெஷ் என்ற, கண்ணுக்குத் தெரியாத முக்கோண வலையை விரிப்பது மற்றொன்று. உரையாடல், விளையாடுபவருக்குத் தரும் பணியான குவெஸ்டின் கட்டங்கள், அவற்றை இயக்கும் பாப்பிரஸ் நிரல், குரல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். உங்கள் ஊர்க்காரர் நகராததற்கு, நீங்கள் வீடு வைத்த இடத்தில் அந்த வலை சரியாக விரிக்கப்படாதது காரணமாக இருக்கலாம். முகம் கறுத்ததற்குப் பெரும்பாலும் காரணம், அவருடைய முகத் தரவை கண்ட்ரோல், எஃப்4 விசைகளை அழுத்தி ஏற்றுமதி செய்யாமல் விட்டதுதான். இரண்டுமே உங்கள் திறமைக் குறைவல்ல. யாராவது சொல்லாமல் யாருக்கும் தெரியாத செய்திகள் அவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு விளையாட்டு இரண்டு பாகங்களாக இருக்கிறது என்பதே. விளையாட்டை ஓட்டும் நிரல் ஒரு பாகம். படம், ஒலி, வரைபடம், விலை, வலிமை போன்ற தரவுகள் மற்றொரு பாகம். 1993-இல் வெளிவந்த டூம் என்ற விளையாட்டு இவ்விரண்டையும் பிரித்து, தரவுகளை வேட் என்ற கோப்பில் வைத்தது. மூல நிரல் அப்போது வெளியிடப்படவில்லை, 1997-இல்தான் வெளியிட்டார்கள். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் நிரலைப் பெரும்பாலும் தொடாமல், அந்தக் கோப்புகளை மட்டும் மாற்றிப் புதிய நிலைகளை உருவாக்கிக் குவித்தார்கள். இன்றும் ஒரு தொடக்கக்காரருக்கு ஏற்ற வழி அதுவே. தரவை மாற்றுங்கள், நிரலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அதற்கு நான் பரிந்துரைப்பது 2016-இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு. அதற்கு ஸ்மாபி என்ற மோட் ஏற்றியும், அதன்மேல் இயங்கும் கன்டென்ட் பேட்சர் என்ற மோடும் உண்டு. இவ்விரண்டையும் நிறுவிவிட்டால், ஒரு வரி நிரல்கூட எழுதாமல், ஜேசன் என்ற, தரவுகளைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவிலான இரண்டு உரைக்கோப்புகளைக் கொண்டே ஒரு மோட் செய்துவிடலாம். உங்கள் முதல் மோட் ஒரு பார்ஸ்னிப் கிழங்கின் விலையை மாற்றுவதாக மட்டும் இருக்கட்டும். சாதாரணத் தரமுள்ள பார்ஸ்னிப்பின் விற்பனை விலை 35. அதை 50 ஆக்குங்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். மோட்ஸ் கோப்புறைக்குள் உங்கள் மோடுக்கென்று ஒரு கோப்புறையைத் திறந்து, அதில் மேனிஃபெஸ்ட் என்ற கோப்பை வைக்க வேண்டும். அது உங்கள் மோடின் அடையாள அட்டை: பெயர், செய்தவர், பதிப்பு எண், வேறு யாருக்கும் இல்லாத ஒரு தனி அடையாளச் சொல், இது கன்டென்ட் பேட்சருக்கான பொதி என்ற அறிவிப்பு ஆகியவை அதில் இருக்கும். இரண்டாவது கன்டென்ட் என்ற கோப்பு. மாற்றம் முழுவதும் அங்கேதான் நடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எடிட்டேட்டா என்றும், எங்கே என்பதற்கு டேட்டா கோப்புறையிலுள்ள ஆப்ஜெக்ட்ஸ் என்றும், எந்தப் பொருள் என்பதற்குப் பார்ஸ்னிப்பின் எண்ணான 24 என்றும், எந்தப் புலம், அதாவது எந்த விவரம், என்பதற்கு பிரைஸ் என்றும், புதிய மதிப்பாக 50 என்றும் எழுதுகிறீர்கள். அந்த எண் 24 எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஸ்டார்டியூ எக்ஸ்என்பிஹேக் என்ற சிறு கருவியைக் கொண்டு விளையாட்டின் உள்ளடக்கக் கோப்புகளைப் பிரித்துப் படித்தால், எல்லாப் பொருள்களின் எண்களும் விலைகளும் விவரிப்புகளும் வரிசையாகக் கண்ணில் படும். அந்தக் கோப்புகளை ஒரு மாலை முழுவதும் சும்மா படித்துப் பாருங்கள். நான் அப்படிப் படித்த மாலையில்தான் விளையாட்டு என்பது எனக்குத் திறந்த வீடாகத் தெரிந்தது.

ஓர் எச்சரிக்கை. 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் இந்தத் தரவின் வடிவமே மாறிவிட்டது. முன்பு ஒரு பொருளின் எல்லா விவரங்களும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரே நீண்ட வரியாக இருந்தன; இப்போது ஒவ்வொன்றும் பெயருள்ள தனிப் புலம். ஆகவே பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றினால் மோட் வேலை செய்யாமல் போகலாம், குழப்பம்தான் மிஞ்சும். வழிகாட்டியைப் படிக்கும் முன் அது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

சோதிப்பதும் எளிது. புதிய ஆட்டத்தைத் தொடங்கினால் 15 பார்ஸ்னிப் விதைகள் பரிசாகக் கிடைக்கும். விதைத்து நாள்தோறும் நீரூற்றினால் நான்கு நாட்களில் விளைந்துவிடும். விற்றுப் பாருங்கள்.

உலைக்களம் எழுதியது:

பழையதறி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். கேள்வி கேட்டவர் மூன்று ஆண்டுகளாக ஸ்கைரிமில் வாழ்ந்தவர். அவருக்கு அந்த உலகின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும். ஒரு மாற்றம் சரியாக அமைந்ததா இல்லையா என்பதை, நன்கு பழகிய விளையாட்டில்தான் பார்த்தவுடனே சொல்ல முடியும். தெரியாத விளையாட்டைக் கற்பதும் மோடிங் கற்பதும் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டுமே பாதியில் நிற்கும் என்பது என் அனுபவம். எனவே விளையாட்டை மாற்றாதீர்கள், இலக்கைச் சிறிதாக்குங்கள்.

ஊரை மறந்துவிட்டு ஓர் இரும்பு வாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கைரிமில் அதன் தாக்கம் 7, எடை 9. கிரியேஷன் கிட்டில் அதன் பதிவைத் திறந்து தாக்கத்தை 10 ஆக்கி, ஒரு செருகு கோப்பாக, அதாவது விளையாட்டு தன் தரவோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளும் கோப்பாக, சேமியுங்கள். பிறகு இன்னொரு செருகு கோப்பைத் தனியாக உருவாக்கி, அதில் அதே வாளின் எடையை மட்டும் 6 ஆக்குங்கள். இரண்டையும் ஒன்றாக இயக்கினால் தாக்கம் 10, எடை 6 என்று கிடைக்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? கிடைக்காது. எடையை மாற்றிய கோப்பு கடைசியாக ஏறினால், தாக்கம் மீண்டும் 7 ஆகிவிடும்.

இதன் காரணம் புரிந்தால் ஸ்கைரிம் மோடிங்கில் பாதி புரிந்த மாதிரி. செருகு கோப்பு நீங்கள் மாற்றிய எண்ணை மட்டும் சுமந்து செல்வதில்லை. அந்த வாளின் முழுப் பதிவையும், நீங்கள் தொடாத 7 என்ற எண்ணையும் சேர்த்தே நகலெடுத்துச் செல்கிறது. ஒரே பதிவை இருவர் தொட்டால் கடைசியாக ஏறுபவருடைய பதிவு முழுமையாக வெல்கிறது. நீங்கள் இத்தனை நாள் நிறுவி விளையாடிய மோட்களில் சில வேலை செய்யாதது போலத் தோன்றியிருந்தால், பெரும்பாலும் நடந்தது இதுவே. எக்ஸ்எடிட் என்ற கருவியில் இரண்டு கோப்புகளையும் ஏற்றினால், ஒரே வாளின் பதிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எங்கே மோதல் என்று வண்ணத்தில் காட்டும். அங்கேயே 10-ஐயும் 6-ஐயும் சேர்த்து மூன்றாவதாக ஓர் ஒட்டுக் கோப்பைச் செய்யலாம். இந்த மூன்று கோப்புகளைச் செய்து முடித்தவர், பெரிய மோட்களின் சிக்கல்களைக் கண்டு மிரள மாட்டார். (கன்டென்ட் பேட்சர் புலம் புலமாக மாற்றுவதால் அங்கே இந்த மோதல் குறைவு. அந்த வகையில் பழையதறியின் பரிந்துரைக்கு ஒரு நியாயம் உண்டு.)

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட் ஆர்கனைசர் 2 போன்ற மோட் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது விளையாட்டின் டேட்டா கோப்புறையில் எதையும் கொட்டாமல், விளையாடும் நேரத்தில் மட்டும் மோட்கள் அங்கே இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. உங்கள் பழைய சேமிப்பை ஒருபோதும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். நிரல் உள்ள மோடை நடு ஆட்டத்தில் நீக்கினால், அதன் எச்சங்கள் சேமிப்புக் கோப்பிலேயே தங்கிவிடும். நூற்றைம்பது மணி நேரம் விளையாடிய ஒரு சேமிப்பை நான் அப்படித்தான் இழந்தேன். அந்த வாரம் முழுவதும் விளையாட்டின் பக்கமே போக மனம் வரவில்லை. தொடக்கத் திரையிலேயே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சிஓசி என்ற கட்டளையுடன் ஓர் இடத்தின் பெயரைத் தந்தால் நேராக அங்கே போய்விடலாம். சோதனைக்கு அதுவே போதும்.

தானாகப் புதுப்பித்தலையும் கட்டுப்படுத்துங்கள். 2021 நவம்பரில் ஸ்கைரிமுக்கு வந்த புதுப்பிப்பால், எஸ்கேஎஸ்இ என்ற நிரல் நீட்சியை நம்பியிருந்த மோட்கள் பலவும் ஒரே நாளில் நின்றுபோயின. விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி, விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் மென்பொருளில் அமைக்க முடியும்.

மைக்கூடு எழுதியது:

படம் வரைவேன் என்று சொன்னீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்டார்டியூ வேலியில் ஒரு பாத்திரத்தின் முகப்படம் 64க்கு 64 புள்ளிகள் மட்டுமே. பொருள்கள் 16க்கு 16 என்ற கட்டங்களிலும், பயிர்கள் 16க்கு 32 என்ற கட்டங்களிலும் அடங்கும். முப்பரிமாணம் எதுவும் தேவையில்லை. மூலப் படத்தைத் திறந்து, அதன் அளவையும் ஒளிபுகும் பின்னணியையும் மாற்றாமல், வண்ணங்களை மட்டும் மாற்றிப் பழகுங்கள். முகத்தில் நிழல் விழும் இடத்தில் எத்தனை வண்ணங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவ்வளவு சிக்கனமாக அவ்வளவு உணர்ச்சியைக் காட்ட முடிகிறதே என்று வியப்பீர்கள். முப்பரிமாணம் தேவைப்படும் நாள் வந்தால், அதற்கான பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வைகறைப்பயணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வாள் சோதனை உலைக்களம் சொன்னபடியே நடந்தது. எக்ஸ்எடிட்டில் அந்த 7 என்ற எண் மீண்டும் தலைகாட்டியதைக் கண்ணால் பார்த்தபோது, என் பழைய மோட் பட்டியல் முழுவதையும் மீண்டும் ஆராய வேண்டும் என்று தோன்றியது.

பார்ஸ்னிப் மோடில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, ஸ்மாபியின் கருப்புச் சாளரத்தில் சிவப்பு எழுத்தில் என் மோட் ஏற்றப்படவில்லை என்று வந்தது. அரை மணி நேரம் கோப்புறையை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், பயனில்லை. பிறகு அந்தச் சிவப்பு வரியை முழுமையாகப் படித்தபோது, வளைந்த மேற்கோள் குறிகள் இருப்பதாகவும், நேரான குறிகளை மட்டுமே ஏற்கும் என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. கடிதங்கள் எழுதப் பயன்படுத்தும் மென்பொருளில் நான் அந்தக் கோப்பை எழுதியதால், அது குறிகளைத் தானாகவே வளைத்துவிட்டிருக்கிறது. திருத்தியதும் மோட் ஏறிவிட்டது.

இரண்டாவது சிக்கலுக்கு இன்னும் விடை தெரியவில்லை. விளைந்த கிழங்குகள் எல்லாம் 50-க்கு விற்றன. ஒன்று மட்டும் 62-க்கு விற்றது. நான் எங்கேயும் 62 என்று எழுதவில்லை.

பழையதறி எழுதியது:

உங்கள் மோட் சரியாகவே இருக்கிறது. அந்த ஒரு கிழங்கின் படத்தின் ஓரத்தில் வெள்ளி நட்சத்திரம் இருந்திருக்கும். வெள்ளித் தரத்துக்கு விலை 1.25 மடங்கு. 50-ஐ அப்படிப் பெருக்கினால் 62.5, பின்னத்தை விட்டுவிட்டு 62 என்று வைக்கிறது. நீங்கள் மாற்றியது அடிப்படை விலை என்ற தரவை. அதன்மேல் தரத்தைக் கணக்கிடுவது நிரல். தரவும் நிரலும் எங்கே பிரிகின்றன என்று நான் நீட்டி முழக்கியதை அந்தக் கிழங்கு உங்களுக்கு ஒரே எண்ணில் காட்டிவிட்டது.

எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற உரைத்திருத்தியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு தெரியும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜேசன் என்று நினைத்துச் சேமித்த கோப்பின் வாலில் இன்னொரு பின்னொட்டு ஒளிந்திருக்கும். பிழைச் செய்தி ஒரு வரி எண்ணைச் சொன்னால், அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். ஒரு காற்புள்ளி விடுபட்டால், அடுத்த வரியைப் படிக்கும்போதுதான் கணினிக்கு அது தெரியவரும். மோடைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் விளையாட்டை மூடித் திறக்கவும் வேண்டாம். ஸ்மாபியின் கருப்புச் சாளரத்தில் பேட்ச் ரீலோட் என்று எழுதி உங்கள் மோடின் அடையாளச் சொல்லையும் சேர்த்துத் தந்தால் அப்போதே புதிய மாற்றத்தை எடுத்துக்கொள்ளும்.

கல்வெட்டு எழுதியது:

நிரல் மொழி பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் வெள்ளித் தரத்தின் மடங்கை 1.25-இலிருந்து 1.5 ஆக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வரும் நாளில், ஜேசன் கோப்பு உங்களைக் கைவிட்டுவிடும். அன்று சி ஷார்ப் மொழியைத் தொடங்குங்கள். ஸ்டார்டியூ வேலி, ரிம்வேர்ல்ட், யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கக் கருவியில் உருவான பல விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு அம்மொழியில்தான் மோட் எழுதுகிறார்கள். ஐஎல்ஸ்பை போன்ற கருவியால் விளையாட்டின் நிரலைப் படிக்கும் வடிவில் திறந்து, விலையைக் கணக்கிடும் செயல்பாட்டைத் தேடி எடுத்து, ஹார்மனி என்ற நிரல் நூலகத்தின் உதவியால் அந்தச் செயல்பாடு ஓடுவதற்கு முன்னரோ பின்னரோ உங்கள் நிரலை ஓடச் செய்யலாம். விளையாட்டின் கோப்பை நிரந்தரமாக மாற்றாமலே இது நடக்கிறது. ஒரு முழுப் பாடத்தையும் முடித்துவிட்டுத்தான் மோட் எழுதுவேன் என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான அந்த ஒரு செயல்பாட்டைப் புரிந்துகொள்ள எவ்வளவு மொழி வேண்டுமோ அவ்வளவை முதலில் கற்றால் போதும்.

நிரல் கொண்ட மோட் என்பது உங்கள் கணினியில் ஓடும் ஒரு முழுமையான மென்பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்கள் சிலவற்றுக்குள் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் புகுத்தப்பட்டு, அவற்றை நம்பி இறக்கியவர்களின் கணக்கு விவரங்களைத் திருடியது. பலரும் பயன்படுத்தும் தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். அங்கேயும் முந்தைய நாள் வந்த கோப்பை உடனே ஓட்டாமல் சில நாட்கள் பொறுத்திருப்பது நல்லது. இணையத்தில் பிறரோடு போட்டியாக விளையாடும் ஆட்டங்களில் மோட்களை முயலவே வேண்டாம். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உங்கள் நோக்கத்தைப் பார்க்காது, கணக்கை முடக்கிவிடும்.

வைகறைப்பயணி எழுதியது:

நட்சத்திரத்தைப் பார்த்தேன், அதுவேதான்! இப்போது மைக்கூடு சொன்னபடி ஒரு முகப்படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. என் ஊருக்காக வேறொரு விளையாட்டிலிருந்து ஒரு கோயில் மணியின் மாதிரியை எடுத்துப் பயன்படுத்தலாமா? பணம் எதுவும் வாங்கப்போவதில்லை.

உலைக்களம் எழுதியது:

கூடாது. பணம் வாங்காவிட்டாலும் அது வேறொரு நிறுவனத்தின் படைப்பு, அதை இடம்பெயர்த்து வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை. மோட் தளங்களும் அதை நீக்கிவிடும். இன்னொரு மோடிலிருந்து எடுப்பதானாலும், அந்த மோடின் பக்கத்தில் அனுமதிகள் என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள், இருவர் மூலக் கோப்பையே அனுப்பிவைத்தார்கள். ஒருவர் மறுத்தார், அந்தப் பொருளை நானே செய்தேன்.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று. கவுண்டர் ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மோடாக வெளிவந்தபோது, அதில் பணயக்கைதிகளை மீட்கும் ஆட்டம் மட்டுமே இருந்தது. வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் ஆட்டம் பின்னால் வந்த ஒரு பீட்டாவில், அதாவது சோதனைப் பதிப்பில்தான் சேர்ந்தது. நீங்களும் பன்னிரண்டு பேரில் ஒருவரை மட்டும் முதலில் எடுங்கள். ஒரு வீடு, அதைச் சுற்றிச் சரியான நேவ்மெஷ், ஏற்றுமதி செய்த முகம், காலையில் எழுந்து வாசலுக்கு வந்து இரவில் உறங்கப்போகும் ஓர் அன்றாட அட்டவணை. மிதக்கிற அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்து எஃப் விசையை அழுத்துங்கள், தரையில் வந்து அமரும். மணியை நீங்களே பிளெண்டரில் செய்யுங்கள். ஒரே அச்சைச் சுற்றிச் சுழலும் வடிவம் என்பதால், முதன்முதலாக முப்பரிமாண மாதிரி செய்பவருக்கு மணி மிகவும் எளிது. செய்து முடித்ததும் படத்தை இங்கே போடுங்கள்.